பதினைந்து அடியில் தண்ணீர்

கேள்வி: ராசிபுரம் வட்டத்தில் இரண்டே முக்கால் ஏக்கர் மேட்டாங்காடு இருக்கிறது. கிணறு 70 அடி. அதற்குள் இறக்கிய போர் 900 அடி. சின்ன வெங்காயமும் மரவள்ளியும் மாற்றி மாற்றி வைக்கிறோம். கோடையில் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் பெரிது. வேதாரண்யம் பக்கம் மீனவர் கிராமத்தை ஒட்டி விவசாய நிலம் மலிவாக வருகிறது. பதினைந்து அடியில் தண்ணீர் என்கிறார்கள். விலை மூன்றரை லட்சம். ரோட்டோரம் உள்ள 50 சென்ட்டை விற்றுவிட்டு அங்கே 3 ஏக்கர் வாங்கலாமா?
– ஒரு வாசகர், ராசிபுரம் வட்டம்.

பதில்: கடிதம் வந்தது மாசியில். அதற்கு முன்பே, தை மாதம் பொங்கல் முடிந்த கையோடு, அவர் அந்த நிலத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்திருந்தார். சேதியைக் கொண்டுவந்தது அவருடைய மூத்த மகன். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் எட்டு வருடமாக வேலை. ஆந்திரா, மகாராஷ்டிரா, ராஜஸ்தான் என்று வண்டி போகும் இடமெல்லாம் போகிறவர். ஆயிரம் அடி ஓட்டியும் புழுதி பறக்கும் காட்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர். ஊருக்கு வந்து விவசாயம் பார்க்க ஆசை. ஆனால் இருக்கிற இரண்டே முக்கால் ஏக்கரும் இருக்கிற தண்ணீரும் இரண்டு குடும்பத்துக்குக் காணாது. அப்படிப்பட்ட பையனிடம் பதினைந்து அடியில் தண்ணீர் என்று ஒருவர் சொன்னால் மனசு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடலோர நிலம் வாங்குகிற பட்டணத்துக்காரர் அலையைப் பார்த்து வாங்குகிறார். சேலம், நாமக்கல் பக்கத்து விவசாயி பார்ப்பது அலையை அல்ல, கிணற்றை. அதைத் தெரிந்துகொண்டுதான் தரகர் முதலில் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். உறை இறக்கிய சிறு கிணறு. எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிற ஆழத்தில் தண்ணீர். மகன் ஒரு கை அள்ளிக் குடித்தார், இனிப்பாக இருந்தது. சுற்றிலும் தென்னை, முல்லைத் தோட்டம், மா, பச்சைப் புல். அன்றைக்கே ஐம்பதாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கைமாறியது. அதற்கு ரசீது ஒரு நோட்டுத் தாளில்.

பதினைந்து அடியில் தண்ணீர் என்பது பொய் அல்ல, முழு உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் ராசிபுரத்துக் கிணற்றுத் தண்ணீரைப் போன்றதல்ல.

சேலம், நாமக்கல்லில் அடியில் இருப்பது பாறை. பாறை வெடிப்பில் தங்கிய நீரைத் தேடி ஆழமாகப் போகிறோம். கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் போர் செலவு நஷ்டம். கடலோர மணலில் கதை வேறு. அங்கே மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் நல்ல நீரைவிட எடை கூடியது, ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 25 கிலோ அதிகம். அதனால்தான் இரண்டும் உடனே கலந்துவிடாமல் ஒன்றின் மேல் ஒன்று நிற்கிறது. இதற்கு நூறாண்டுக்கு முன்பே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல நீர் தாங்கி நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. திருப்பிப் பார்த்தால்தான் அதன் கடுமை புரியும். மோட்டார் வைத்து இறைத்து மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழே உள்ள உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறி வரும்.

ரிக் வண்டிக்காரருக்குத் தெரிந்த வித்தை இங்கே தலைகீழாகிவிடுகிறது. ராசிபுரத்தில் தண்ணீர் போதவில்லை என்றால் இன்னும் இருநூறு அடி ஓட்டுவார்கள். கடலோர மணல்மேட்டில் ஆழம் போகப் போக உப்புதான் நெருங்கும். அங்கே நல்ல கிணறு என்பது ஆழம் குறைந்த கிணறு. நல்ல விவசாயி குறைவாக இறைப்பவர். வேதாரண்யம் பக்கத்துப் பழைய தோட்டக்காரர்கள் குட்டை வெட்டி, குடத்தால் மொண்டு ஊற்றிப் பயிர் செய்தது வசதி இல்லாததால் மட்டும் அல்ல.

இதற்குச் சட்டமும் உண்டு. மத்திய அரசு 2011இல் வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பதை, அங்கே வாழும் உள்ளூர் மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் என்று நிறுத்தியது. 200 முதல் 500 மீட்டர் வரை வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் குடிநீருக்கும் தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் எடுக்கலாம். ஆனால் சாதாரணக் கிணற்றிலிருந்து, கையால் இறைத்து. வாசகர் பார்த்த நிலம் கரையிலிருந்து சுமார் 350 மீட்டர். அந்த மூன்று ஏக்கரில் வெங்காயம் போட்டு, அத்தனையையும் கையால் இறைத்துப் பாய்ச்ச எத்தனை ஆள் வேண்டும் என்று அவருடைய மனைவி கணக்குப் போட்டபோதுதான் வீட்டில் முதன்முதலாக ஒரு அமைதி வந்ததாம். பக்கத்துத் தோட்டத்தில் ஆயில் எஞ்சின் ஓடுகிறதே என்று தரகர் சொன்னார். ஓடலாம். அடுத்தவர் ஓட்டுவது புதிதாக வாங்குகிறவருக்கு உரிமம் ஆகாது. வெளியூர்க்காரர் ஓட்டினால் முதல் புகார் அவர் மேல்தான் போகும்.

சித்திரை கடைசியில், கத்திரி வெயிலில், அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு இரண்டாவது முறை போனார். தரகருக்குச் சொல்லவில்லை. இதுதான் சரியான முறை. கடலோர நிலத்தைத் தை மாதம் காட்டுவார்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து மணல் முழுக்க நீர் நிற்கும் நேரம் அது. பார்க்க வேண்டிய மாதம் சித்திரை, வைகாசி. அதே கிணற்றில் நீர் இருந்தது, நாலு அடி இறங்கியிருந்தது, அவ்வளவுதான். ஒரு வாய் வைத்தவுடன் மனைவி துப்பிவிட்டார். இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டார்கள். தை மாதம் மகன் விளையாட்டாகப் பிடித்து வந்திருந்த பாட்டிலும் வீட்டில் இருந்தது. மூன்றையும் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். தை மாத நீரின் மின் கடத்தும் திறன் 1.1 டெசி சைமன். சித்திரை மாத நீர் 3.8.

இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. பாசன நீரில் 0.7க்குக் கீழே என்றால் கவலை இல்லை. 0.7க்கும் 3க்கும் இடையில் என்றால் பயிரைப் பார்த்து, வடிகாலைப் பார்த்துப் பயன்படுத்தலாம். 3ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. மண்ணின் உப்புக்கும் இப்படி ஓர் அளவு உண்டு. 4ஐத் தாண்டினால் உவர் நிலம் என்று கணக்கு. வெங்காயத்துக்கு அதுவரைகூடப் பொறுமை கிடையாது, மண்ணில் 1.2 தாண்டும்போதே விளைச்சல் குறையத் தொடங்கும். ராசிபுரத்தில் கை பழகிய வெங்காயத்தை அந்த நிலத்தில் நினைத்துப் பார்க்க முடியாது. தென்னை தாங்கும், சவுக்கு தாங்கும், முந்திரி ஓரளவு தாங்கும். நெல்லில் உவரைத் தாங்க திருச்சி ரகங்கள் உண்டு, ஆனால் அவை மணல்மேட்டுக்கு அல்ல.

வேதாரண்யத்தில் உப்பு இருப்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. சேலத்தில் வக்கீலாக இருந்து, அந்த நகராட்சிக்குத் தலைவராகவும் இருந்த ராஜாஜி 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து போய் உப்பெடுத்தது அங்கேதான். உப்புக்காகப் போனவர் சரியான இடத்துக்குத்தான் போனார். வெங்காயத்துக்காகப் போகிறவர் இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

இனி விலை. மூன்றரை லட்சம் என்று தரகர் சொன்னதை வாசகர் ஏக்கருக்கு என்று எடுத்துக்கொண்டார். தரகர் சொன்னது மாவுக்கு. கொங்குப் பக்கத்தில் ஏக்கர், சென்ட், வள்ளம் என்று பேசுவார்கள். தஞ்சாவூர், நாகைப் பக்கம் குழி, மா, வேலி. ஒரு குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. மூன்று மா சேர்ந்தால்தான் ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஆக ஏக்கர் விலை பத்தரை லட்சம். மூன்று ஏக்கருக்கு முப்பத்தொன்றரை லட்சம். 50 சென்ட் விற்று வரப்போவது பன்னிரண்டு லட்சம் என்று அவரே எழுதியிருக்கிறார். தரகர் பொய் சொல்லவில்லை, அவருடைய ஊர் வழக்கில் பேசினார். கேட்டவர் அளவைக் கேட்காமல் விட்டார். விலை பேசும்போது “சென்ட் என்ன விலை” என்று கேட்டுவிட்டால் எந்த மாவட்டத்திலும் ஏமாற வேண்டியதில்லை. பத்திரச் செலவையும் அப்போதே கூட்டிக்கொள்ள வேண்டும். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, நூற்றுக்கு ஒன்பது ரூபாய்.

அந்த இரண்டாவது பயணத்தில் முக்கியமான சேதியைக் கொண்டுவந்தது வாசகர் அல்ல, அவருடைய மனைவி. கணவர் கிணற்றடியில் நிற்க, அவர் நிலத்துக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள வெட்டவெளியில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் நின்றார்.

“ஏனுங்க்கா, இந்த எடம் ஆரோடதுங்க?”

“யாரு பேருல இருக்கோ தெரியாதும்மா. எங்க ஆயா காலத்துலேர்ந்து கருவாடு காயப்போடுறது இங்கதான். ஏன், வெலைக்கு வந்துருக்கா? நீங்க வாங்கப்போறீங்களா?”

“இல்லீங்க்கா, சும்மா கேட்டனுங்க.”

“வாங்குனா வேலி போட்டுறாதீங்கம்மா. இந்த வழியாத்தான் வலை போவுது.”

தரகர் தை மாதம் காட்டியபோது கடல் வரைக்கும் கையை நீட்டித்தான் காட்டினார். கருவாடு காயும் திடலும், வலை காயும் மேடும், படகு இழுத்து வைக்கிற மணலும், எல்லாம் அந்தக் கை நீளத்துக்குள் அடங்கிவிட்டன. தாலுகா அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்தபோது விஷயம் தெளிவானது. பட்டா நிலம் பின்னால் இருப்பது மட்டும். முன்னால் உள்ளது தீர்வை ஏற்பட்ட தரிசு, அதாவது அரசு நிலம். பின்னால் உள்ள பட்டா நிலத்துக்குப் புலப்படத்தில் வண்டிப்பாதையே இல்லை. தரகரின் கார் போனது கருவாட்டுத் திடலின் வழியாக. அது ஊரார் பெருந்தன்மையால் கிடைத்த வழி, பத்திரத்தில் எழுத முடியாதது.

மீனவர் ஊரில் கரைக்குப் பெரும்பாலும் பட்டா இருக்காது. பட்டா இல்லாததால் அது யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைத்தால் பெரிய தப்பு. ராசிபுரத்துக் கிராமத்தில் களத்துமேடும் மேய்ச்சல் புறம்போக்கும் எப்படியோ, அங்கே கரை அப்படி. 2011 அறிவிக்கையே மீனவர்களின் பொது இடங்களை, மீன் உலர்த்தும் இடம் உட்பட, கடற்கரை மண்டல வரைபடத்தில் குறித்துக் காட்ட வேண்டும் என்று சொல்கிறது. அதற்கு மேல், நாகைக் கரையில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவானது. ஒரு மீனவர் ஊருக்குப் பக்கத்தில் நிலம் வாங்க நினைப்பவர் சார்பதிவாளரைப் பார்ப்பதற்கு முன்னால் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்துப் பேசுவது மரியாதை மட்டும் அல்ல, பாதுகாப்பும்கூட. எந்த வழி நடைவழி, எந்த நிலத்தில் வழக்கு, எந்தத் திடலை யார் வளைத்தார்கள் என்பது அவர்கள் வாயில்தான் இருக்கும். வில்லங்கச் சான்றில் இருக்காது.

பட்டா நிலத்துக்கும் தனியாகப் பார்க்க வேண்டியவை உண்டு. இந்த வாசகருக்கு வந்தது ஏழு பேர் கூட்டுப் பட்டா. விற்க வந்தவரிடம் இருந்தது இரண்டு பேர் கொடுத்த பவர் பத்திரம். மற்ற ஐந்து பேரில் இருவர் வெளிநாட்டில். பாகப்பிரிவினை ஆகாத நிலத்தில் இரண்டு பேர் பங்கை வாங்கினால் கையில் வருவது நிலம் அல்ல, வழக்கு. நாகை மாவட்டத்தில் கோயில் நிலம் மிகுதி. பல தலைமுறையாகக் குத்தகைக்கு உழுது, சொந்த நிலம் போலவே ஆண்டுவருகிறவர்கள் உண்டு. அவர்கள் விற்றுக்கொடுப்பது குத்தகைச் சாகுபடியை, நிலத்தை அல்ல. பூமிதான நிலமும் பல கிராமங்களில் உண்டு. 1958ஆம் ஆண்டு பூமிதானச் சட்டத்தின் கீழ் நிலமற்ற ஏழைகளுக்குக் கொடுக்கப்பட்ட அந்த நிலத்தைத் தனியாருக்கு விற்க முடியாது. பஞ்சமி நிலத்தைப் பற்றிச் சேலம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பட்டியல் சமூகத்தார் அல்லாதவர் வாங்கினால் செல்லாது. உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்து ஒப்படைத்த நிலத்துக்கும் விற்பனைக் கட்டுப்பாடு உண்டு. இதெல்லாம் ‘அ’ பதிவேட்டைப் பார்த்து, தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலியைப் படித்தால் தெரிந்துவிடும். முப்பது வருட வில்லங்கம் போட வேண்டும். பதின்மூன்று வருடத்துக்குப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தால் பதினான்காம் வருடத்தில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

வீடு கட்டி வாடகைக்கு விடலாம், வெள்ளைக்காரர் வருவார்கள் என்றும் தரகர் சொன்னாராம். கிராமப்புறக் கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வளர்ச்சிப் பணி தடைப் பகுதி. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கிற நெருக்கமான கிராமங்களுக்கு மட்டும் இதை 50 மீட்டராகக் குறைத்தது. மற்றவற்றுக்கு அதே 200 மீட்டர்தான். அதைத் தாண்டி 500 மீட்டர் வரையிலும் கட்டுப்பாடு தொடர்கிறது. கடல் தொலைவில் இருக்கிறது என்றும் இருந்துவிடக் கூடாது, அலைநீர் ஏறி இறங்குகிற கழியும் வாய்க்காலும் பக்கத்தில் ஓடினால் அதற்கும் தனி எல்லை உண்டு. சர்வே எண்ணைக் கொடுத்து, நடப்பில் உள்ள வரைபடத்தில் அது எந்த மண்டலத்தில் வருகிறது என்று மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மைக் குழுவிடம் எழுத்தில் கேட்பதே வழி. கோடியக்கரைப் பக்கம் என்றால் வனத்துறையையும் கேட்க வேண்டும், அங்கே 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது.

இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விடலாம் என்பது இன்னொரு ஆசை. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. கடற்கரை மண்டலத்துக்குள் அமைத்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்ன தீர்ப்பு அது. பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. இன்று ஆணையத்தில் பதிவு செய்யாமல் பண்ணை நடத்த முடியாது. விளைநிலத்தைப் பண்ணையாக மாற்றவும் இடமில்லை. வாங்குகிறவர் இதைத் தலைகீழாகவும் கேட்டுக்கொள்ள வேண்டும்: பக்கத்து நிலத்தில் இறால் குட்டை இருக்கிறதா? இருந்தால் அந்த உப்பு நீர் மணல் வழியே தன் கிணற்றுக்கு வர எத்தனை நாள் ஆகும்?

இத்தனைக்கும் பிறகு தரகர் ஒரு கடைசி வார்த்தை சொன்னார்: “பிடிக்கலைன்னா ரெண்டு வருஷத்துல நானே ரெட்டை விலைக்கு வித்துத் தர்றேன்.” இந்த வாக்கு நாகைக்கு மட்டும் உரியதல்ல. கரீபியன் கடலோரத்தில் பெலிஸ் என்று ஒரு சின்ன நாடு. மீனவர் ஊர்கள் நிறைந்த அதன் தென்கரையில் ‘சாங்க்சுவரி பெலிஸ்’ என்ற பெயரில் அமெரிக்கர்களுக்கு மனை விற்றார்கள். படகுத்துறை வரும், ஆஸ்பத்திரி வரும், சில வருடத்தில் எல்லாம் முடிந்துவிடும், திருப்பி விற்க நல்ல சந்தை இருக்கிறது என்று சொன்னார்கள். 2018இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2020இல் நீதிமன்றம் அது ஏமாற்று என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் போன பணம் பத்துக் கோடி டாலருக்கு மேல். வாங்கியவர்கள் பலர் ஓய்வுபெற்ற, படித்த ஆட்கள். ஈரோட்டுப் பக்கம் ஈமு கோழியில் 2012இல் பட்ட சூடு கொங்குநாட்டில் இன்னும் ஆறவில்லை. அங்கேயும் சொன்னது இதே வார்த்தைதான்: வளர்த்துக் கொடுங்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம். விற்றுத் தருகிறேன் என்பவரிடம், போன வருடம் இதே ஊரில் யாருக்கு விற்றுக் கொடுத்தீர்கள், பத்திர எண் என்ன என்று ஒரே கேள்வி கேட்டால் போதும்.

கடல் நிலம் என்றாலே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. கரையிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் உள்ளே, பாதையும் தனிப் பட்டாவும் உள்ள மணற்பாங்கான நிலத்தில் சவுக்கு நன்றாகவே வரும். மூன்று, நான்கு வருடத்தில் வெட்டு. காகித ஆலைக்கும் போகும், கட்டட வேலைக்கும் போகும். முல்லையில் வருமானம் உண்டு, ஆனால் பூவை நாள் தவறாமல் பறிக்க வேண்டும், அங்கேயே குடியிருப்பவருக்குத்தான் அது ஆகும். ஆறு மணி நேரப் பயணத்தில் ராசிபுரத்தில் இருந்துகொண்டு செய்கிற விவசாயம் அல்ல அது. தென்னை வைக்கிறவர் 2018 நவம்பர் 16ஆம் தேதியை நினைவில் வைக்க வேண்டும். அன்றைய விடியலில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியது. அப்பா காலத்துத் தென்னையெல்லாம் ஒரே இரவில் சாய்ந்தது. புது நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருடம் ஆகும். 2004 சுனாமியில் வயலுக்குள் நின்ற கடல்நீரை வடித்து, தக்கைப்பூண்டு உழுது, அடுத்த மழையில் உப்பைக் கழுவி மீண்டும் பயிர் செய்த விவசாயிகள் அந்தக் கரையில் உண்டு. அவர்களால் முடிந்ததற்குக் காரணம் அவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

அட்வான்ஸ் ஐம்பதாயிரத்தில் முப்பதாயிரம் திரும்பி வந்திருக்கிறது. மீதி ஆவணியில் என்று சொல்கிறாராம். நோட்டுத் தாள் ரசீதில் சர்வே எண் இல்லை, பரப்பு இல்லை, எத்தனை நாளைக்குள் என்பதும் இல்லை. வக்கீல் நோட்டீஸ் விட இருபதாயிரத்தில் பாதி போய்விடும் என்று வாசகர் பேசாமல் இருக்கிறார். அந்தக் கணக்கு சரிதான்.

மகன் மறுபடி ரிக் வண்டிக்குப் போய்விட்டார். ஆடிப் பதினெட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது கடிதத்தில் வாசகர் கேட்டிருப்பது வேறு கேள்வி: இருக்கிற ஒரு மணி நேரத் தண்ணீரில் இரண்டே முக்கால் ஏக்கரையும் ஓட்ட வழி உண்டா? வெங்காயத்தையும் மரவள்ளியையும் முழுக்கச் சொட்டுநீருக்கு மாற்றினால் வாய்க்காலில் பாய்ச்சுவதைவிட அதே தண்ணீர் கூடுதல் பரப்புக்குப் போகும். ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிக்குத் தமிழக அரசு சொட்டுநீருக்கு நூறு விழுக்காடு மானியம் தருகிறது. வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், ஆதார் நகலோடு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். காட்டின் தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டி, ஐப்பசி மழையை அதில் நிறுத்தினால் கிணறு தை வரைக்காவது கை கொடுக்கும். இரண்டு குடும்பத்துக்கு அது போதுமா என்றால், விவசாயம் மட்டும் போதாது. இரண்டு கறவை மாடு சேர்ந்தால் ஓரளவு ஓடும்.

ஒன்று விட்டுப்போகக் கூடாது. கடிதத்தோடு வந்த வரைபடத்தில் கிணறு இருப்பது விற்பதாக இருந்த அந்த ரோட்டோர 50 சென்ட்டுக்குள். பின்னால் எப்போதாவது அதை விற்கத்தான் வேண்டும் என்றாலும், கிரயப் பத்திரத்தில் கிணற்றில் பாதிப் பங்கு, மோட்டார் வைத்து முறை வைத்து இறைக்கும் உரிமை, மீதிக் காட்டுக்குத் தண்ணீர் போகும் குழாய் வழி, மாமூல் வண்டிப்பாதை ஆகிய நான்கையும் அளவோடு, நான்கெல்லையோடு எழுதி, புலப்பட நகலில் குறித்துப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் வாங்கியவர் மகன் காலத்தில் கிணறு மூடி வீடு எழும்பிவிடும்.